நாற்பத்தொரு சிவப்பு முடிச்சு

பெயிண்ட் கறையைப் பற்றி அந்தத் தெருவில் யார் வாயைத் திறந்தாலும் கடைசியில் பேச்சு கறைக்காரரிடம்தான் வந்து நிற்கும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்தோடு சரி. சலவைக் கடை வைத்து இருபத்தாறு வருடம். சாதாரணத் துணியெல்லாம் இயந்திரத்துக்குப் போகும். கறை என்று வந்துவிட்டால் மட்டும் பின்னறையில் இருக்கும் அவருடைய மேஜைக்கு வரும். மை, துரு, கிரீஸ், ரத்தம், உதட்டுச் சாயம் எல்லாம் பார்த்த கை அது. ஆனால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது பெயிண்ட்டுக்குத்தான். "ஈரப் பெயிண்ட்ட எவன் வேணா எடுப்பான். காஞ்சு கல்லானத எடுக்கறவன்தான் ஆளு" என்று எதிரில் நிற்பவரிடமெல்லாம் சொல்வார். எதிரில் யாரும் இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வார்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவர் அவர் மனைவி. முன்னால் உட்கார்ந்து துணி வாங்குவது அவள். வருகிறவர்களிடம் எந்தக் கறை போகவேண்டும் என்று கேட்டு, அந்தக் கறையின் பக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவிடுவாள். நூல் இருந்தால் எடுக்க வேண்டும். நூல் இல்லாத இடத்தில் கை வைக்கவே கூடாது. இப்படி ஒரு சட்டம் சும்மா வரவில்லை. ஒருமுறை கறைக்காரர் ஒரு குழந்தைக் கவுனில் அச்சடித்திருந்த குட்டிக் குட்டி வண்டுகளை அழுக்கு என்று நினைத்து, பதினொரு வண்டுகளைத் துடைத்து எடுத்துவிட்டார். அந்தக் குழந்தையின் அம்மா கேட்ட கேள்விகளை மனைவி இன்றுவரை மறக்கவில்லை; அவரையும் மறக்க விடுவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் வீட்டில் ஒரு சின்ன உரசல். ஒரு கழுத்துப் பட்டையில் விழுந்த மையை எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. பல் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, போகிற போக்கில் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு முன்ன மாதிரி கை ஓடறதில்லங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போய்விட்டாள். ஆனால் அந்த ஒரு வரி கறைக்காரரின் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவள் திரும்பி வரும் வரைக்கும் கடையில் முன்னால் உட்கார அவளுடைய தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள். மச்சான் நல்ல பையன்தான், நாற்பது வயதாகியும் பையன்தான். காதில் எப்போதும் ஒரு குமிழ் செருகியிருக்கும். எங்கேயோ யாரோ விளையாடுகிற ஆட்டத்தின் வர்ணனை அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளியே போயிருந்த கறைக்காரர் மத்தியானம் வந்தபோது மனைவி டாக்டரிடமிருந்து திரும்பி முன்னால் உட்கார்ந்திருந்தாள்; பின்னறை மேஜைமேல் ஒரு சட்டை இருந்தது. சீட்டில் மச்சானின் கோழிக் கிறுக்கல்: 'கறை. ரொம்ப முக்கியம். கவனம்.'

சட்டையைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அது ஒரு வேலைச் சட்டை. தடிப்பான பருத்தி, முழங்கை வரை கை. அதன் சொந்த நிறம் என்னவென்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. மேலெல்லாம் பெயிண்ட். பொட்டுப் பொட்டாக, சொட்டுச் சொட்டாக, சில இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கட்டியாக. நீலம், பச்சை, செங்கல் சிவப்பு, வெண்ணெய் நிறம், பெயரே வைக்க முடியாத ஒரு சாம்பல். எல்லாம் வருடக்கணக்கில் காய்ந்து இறுகிப்போனவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு நூல்!

எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று.

ஒரே துணியில் இத்தனை நூலை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவளுக்குப் பல் வலி தலைக்கு ஏறிவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் உறைத்தது. காலையில் சொன்ன சொல்லும் மத்தியானம் வந்த சட்டையும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு எதிரில் நின்றன. கை ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கிறாளா? பரீட்சை வைக்கிறாளா, எனக்கா?

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மனைவி போடுவது குறுக்குத் தையல், சின்னப் பெருக்கல் குறி மாதிரி. இங்கே இருந்தது வெறும் முடிச்சு. அவசரத்தில் போட்டிருப்பாள் என்று அதைத் தள்ளிவிட்டார். இன்னொன்றும் பட்டது. பெயிண்ட் கட்டிகளின் மேல்பக்கம் எல்லாம் யாரோ நாள்தோறும் தேய்த்த மாதிரி வழவழவென்று மின்னியது. அதையும் தள்ளிவிட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுவும் இருபத்தாறு வருடமாக ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகிற பெண்டாட்டியிடம். கேட்கவில்லை. ரோஷம் வந்தவனுக்குக் கண் இருக்கும். வாய் மட்டும் இருக்காது.

மூன்று நாள் ஒரு கை பார்த்தார்.

முதலில் உள்மடிப்பில், யார் கண்ணுக்கும் படாத தையலோரத்தில் ஒரு துளி தின்னர் வைத்துப் பார்த்தார். துணியின் சாயம் அசையவில்லை. பிறகு எது எண்ணெய்ப் பெயிண்ட், எது தண்ணீர்ப் பெயிண்ட் என்று பிரித்துக்கொண்டார். எண்ணெய்ப் பெயிண்ட்டுக்கு டர்பன்டைன். தண்ணீர்ப் பெயிண்ட்டுக்கு ஸ்பிரிட். சட்டையைக் குப்புறப் போட்டு, அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பின்பக்கத்திலிருந்து பஞ்சால் ஒற்றி ஒற்றி இறக்க வேண்டும். தேய்த்தால் கெட்டது, கறை பரவிவிடும். கட்டியாக இருப்பதை இளகவிட்டு, மொட்டைக் கத்தியால் சுரண்டி, மறுபடி ஒற்றி, சோப்பு நுரை வைத்து, அலசி, காய்ந்ததும் பார்த்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு நீலத்துக்குக் கீழே வெள்ளை இருந்தது. வெள்ளைக்குக் கீழே இன்னொரு நீலம். இடது கைமடிப்பில் இருந்த பச்சை ஒன்று மட்டும் அரை நாளைத் தின்றது. அது கடைசியாக அடித்துணியில் இறங்கியபோது "இறங்குனியா, வா ராஜா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். ஒவ்வொரு கறை போனதும் பக்கத்திலிருந்த சிவப்பு முடிச்சைக் கத்தரித்து ஒரு கிண்ணத்தில் போட்டார். மனைவி பின்னறைக்கு வரும்போதெல்லாம் சட்டையை ஒரு துண்டால் மூடிவிட்டார். பரீட்சையில் எழுதும்போது யாராவது விடைத்தாளைக் காட்டுவார்களா?

சட்டைப் பைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஓர் எண்ணெய்க் கறையும் இருந்தது. புதிது. பத்து நிமிட வேலை. ஆனால் அதன்மேல் நூல் இல்லை. அந்த வட்டத்துக்கு நடுவிலிருந்த ஒரு நீலப் பொட்டுக்குத்தான் நூல். அவர் நீலத்தை மட்டும் எடுத்தார், எண்ணெயைத் தொடவில்லை. பதினொரு வண்டுகள் கற்றுக்கொடுத்த பாடம்.

வியாழக்கிழமை காலையில் தேய்த்து மடித்தபோது சட்டையின் சொந்த நிறம் வெளியே வந்திருந்தது. இளம் நீலம். அவருக்கே நம்ப முடியவில்லை. கை ஓடறதில்லையாமே!

பத்து மணி வாக்கில் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், தோளில் பை, அவசர நடை. சீட்டை நீட்டியதும், மனைவி எழுந்திருப்பதற்கு முன்னாலேயே கறைக்காரர் சட்டையோடு முன்னால் வந்துவிட்டார். வழக்கமாக அவர் முன்னால் வருவதே இல்லை. இன்றைக்குப் பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"பாருங்கம்மா" என்று மேஜைமேல் விரித்தார்.

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இது எங்களது இல்லைங்க. மாறிப்போச்சு போல" என்றாள்.

கறைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்? "உங்களதுதாம்மா! நல்லாப் பாருங்க. காலர்ல அந்தக் கிழிசல், உள்ள வேற கலர் பட்டன். அதே சட்டைதான்."

அவள் காலரைப் புரட்டினாள். கிழிசலைப் பார்த்தாள். பட்டனைப் பார்த்தாள். பிறகு செய்த காரியம்தான் அவரை என்னவோ செய்தது. சட்டையைப் பரபரவென்று உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பினாள், பெயிண்ட் எல்லாம் அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டிருக்கிற மாதிரி. அங்கேயும் இல்லை. மறுபடி திருப்பினாள். பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

"எங்க?" என்றாள்.

"என்னம்மா எங்க?"

"பெயிண்ட் எங்க?"

"எடுத்தாச்சும்மா. நாப்பத்தொண்ணும்."

அவள் விரல் சட்டைப் பைக்குக் கீழே போய் நின்றது. "இந்த எண்ணெய மட்டும்தானே எடுக்கச் சொன்னேன்? அதுதான் அப்படியே இருக்கே!"

இயந்திரம்கூட அந்த நேரம் பார்த்துச் சுற்றி முடித்து நின்றுவிட்டது.

"அவர்கிட்ட அத்தனை தடவை சொன்னேனே. பெயிண்ட்ல கையே வைக்கக் கூடாது, எண்ணெய் மட்டும் போதும், ரொம்ப முக்கியம், கவனம்னு சொன்னேனே! தலைய தலைய ஆட்டினாரே!"

தலையை ஆட்டியது மச்சான். வர்ணனைக்கு ஆட்டியிருப்பான்.

"நூல்..." என்றார் கறைக்காரர். "செவப்பு நூல் இருந்துதேம்மா, ஒவ்வொண்ணுக்கும்?"

"அது நான் போட்டது."

மனைவி ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கறைக்காரர் சட்டையையே பார்த்தார். நாற்பத்தொரு முடிச்சு. குறுக்குத் தையல் இல்லை, வெறும் முடிச்சு. கண்ணில் பட்டதே! பட்டுத் தொலைத்ததே!

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. யாரிடமோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி, சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய அப்பா பெயிண்டர். முப்பத்தெட்டு வருடம் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அடித்தவர். பதினோரு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒருநாள் பழைய வேலைச் சட்டையை மடியில் போட்டபோது, நல்லாயிருக்கிற இடது கையின் கட்டைவிரல் நகம் ஒரு நீலப் பொட்டைச் சுரண்டியது. சுரண்டிக்கொண்டே "ஸ்கூல்" என்றார். அவள் படித்த பள்ளிக்கூடத்துக் கேட் அந்த நீலம்தான். அவர் அடித்ததுதான்.

"அன்னையில இருந்து தினமும் சட்டையைக் குடுப்பேன். ஒவ்வொண்ணா நகத்தால தடவுவார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை வரும். ஒரு வார்த்தை வந்தா ஒரு முடிச்சுப் போடுவேன். எது வந்துச்சு, எது வரலன்னு தெரியணும் இல்ல? போன ஞாயித்துக்கெழமை மொதல் தடவையா ரெண்டு வார்த்தை சேந்து வந்துச்சு. 'உன் ஸ்கூல்'னு சொன்னார். அன்னிக்குச் சாயங்காலமே கைக்குத் தேய்க்கிற எண்ணெய் கவுந்துடுச்சு. அதுக்கப்புறம் அந்த எடத்துக்கு வந்தாலே மூஞ்சிய சுளிச்சுக் கையை எடுத்துடறார். அதான் கொண்டுவந்தேன்."

கறைக்காரர் எதையாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார். "போட்டோ ஏதாவது..."

"போட்டோ இருக்கு. போட்டோவ நகத்தால தடவ முடியுமா?"

அவள் சட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. மேஜைமேலேயே விட்டுவிட்டு நடந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "நான் போய் அப்பாகிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். அவள் அதைச் சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அவள் போன பிறகும் கறைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு மனிதன் பேசின பேச்சையெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து, பொறுமையாக, ஒற்றி ஒற்றித் துடைத்திருக்கிறார். 'இறங்குனியா, வா ராஜா' என்று கொஞ்சி வேறு இருக்கிறார்.

திடீரென்று பின்னறைக்கு ஓடினார். அடித்துணிகள்! நாற்பத்தொரு பெயிண்ட்டும் அந்த வெள்ளைத் துணிகளில்தானே இறங்கியிருக்கிறது? கூடை காலியாக இருந்தது.

"எங்க அந்தத் துணியெல்லாம்?"

"வியாழக்கெழமைதானேங்க அடித்துணி அலசற நாள்? காலையிலேயே கொதிக்க வெச்சு அலசிட்டேன்" என்றாள் மனைவி. அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை போலிருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் ஆரம்பித்தாள். முதலில் தம்பியைத் திட்டினாள், அவன் அங்கே இல்லாததால் கூடுதலாகவே. அதன்பிறகு இவர் பக்கம் திரும்பி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"என் தையல் எதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இத்தன வருஷமா பாக்கறீங்களே! நாப்பத்தொண்ணு இருக்கே, என்னடி இதுன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

"நீ பரீட்சை வெக்கிறேன்னு நெனச்சேன்."

"என்ன பரீட்சை?"

"கை ஓடலன்னு சொன்னியே."

அவளுக்கு அது நினைவே இல்லை. நினைவு வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பல் வலியில் சொன்னது! அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் கறைக்காரர் கடையைப் பாதியில் விட்டுக் கிளம்பினார். பெயிண்ட் கடைக்குப் போய் நீலம், பச்சை, சிவப்பு, வெண்ணெய் நிறம் என்று ஆறு குட்டி டப்பாக்களும் ஒரு பிரஷ்ஷும் வாங்கினார். போட்டோவைப் பார்த்து அதே இடத்தில் அதே நிறத்தை வைத்துவிடுவது என்பது திட்டம். அது உருப்படாத திட்டம் என்று அவருக்கே தெரியும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. முகவரி சீட்டில் இருந்தது. கடைக்குத் திரும்பி வந்து சட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது மனைவி, கறை எடுக்கிற சாமான் போட்ட பையையும் கையில் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"எடுக்கச் சொன்ன கறை இன்னும் அதுலதான இருக்கு? அதையாவது எடுத்துக் குடுத்துட்டு வாங்க."

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண், டப்பாக்களைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ஜன்னலோரம் நாற்காலியில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். பெரிய எலும்பு, வற்றிய உடம்பு. வலது கை மடியில் கிடந்தது, யாரோ கழற்றி வைத்த பொருள் மாதிரி. இடது கைக் கட்டைவிரல் மட்டும் நாற்காலியின் மரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. நான்கு நாளாகச் சுரண்டியிருக்க வேண்டும். அந்த இடத்தில் வார்னிஷ் உரிந்து வெறும் மரம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கறைக்காரருக்குச் சட்டையில் பெயிண்ட் வழவழவென்று மின்னியது நினைவுக்கு வந்தது. கண்ணை மூடித் திறந்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே எதிரில் தரையில் உட்கார்ந்தார். "உங்க சட்டைய நான்தான் கெடுத்துட்டேன். வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது நான்தான்."

பெயிண்டர் சட்டையைத்தான் பார்த்தார். இடது கையை நீட்டினார். பெண் பதறி, "வேண்டாம்ப்பா" என்று சொல்வதற்குள் வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

நகம் கிளம்பியது. இடது கைமடிப்புக்குப் போனது. பச்சை இருந்த இடம். ஒன்றும் இல்லை. திரும்பி அதே இடத்தில் தடவியது. தோளுக்குப் போனது, வெண்ணெய் நிறம், அடியில் செங்கல் சிவப்பு. ஒன்றும் இல்லை. அந்த ஒவ்வொரு இடமும் கறைக்காரருக்கு மனப்பாடம். நகம் எங்கே போய் ஏமாறப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. இப்படி ஒரு தண்டனையை எந்த நீதிபதியாலும் யோசித்துக் கொடுக்க முடியாது. பெயிண்டர் சட்டையைத் திருப்பிப் போட்டார். முதுகுப் பக்கம் தேடினார். வேகமாகத் தேடினார். மூச்சு இரைத்தது. தொண்டையிலிருந்து என்னவோ வந்தது, சொல்லாக வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காலரில் சொட்டியது.

"போதும். எடுத்துடுங்க. போதுங்க" என்றாள் பெண்.

கறைக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. மடியிலிருந்த சட்டையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துத் தரையில் விரித்தார். "அந்தப் போட்டோவக் காட்டும்மா. மொதல்ல அந்த நீலம். உன் ஸ்கூலு." நீல டப்பாவைத் திறந்தார். மூடி தெறித்து ஓடியது. வாழ்நாளெல்லாம் பெயிண்ட்டை எடுத்தவர், ஒருநாளும் பெயிண்ட் அடித்ததில்லை. பிரஷ்ஷை அடிவரை முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கினார். பாதி அவருடைய வெள்ளைச் சட்டைமேலேயே விழுந்தது. அதைக்கூடக் கவனிக்காமல், பைக்குக் கீழே, போட்டோவில் நீலம் இருந்த அதே இடத்துக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோனார்.

"எண்ணெ மேல எவன்டா பெயிண்ட் அடிப்பான்!"

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. கறைக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ ஆண் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தார். யாரும் இல்லை. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னவர் பெயிண்டர்தான். வார்த்தை குழறியிருந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனால் முகம் முழுக்கக் கோபம், முப்பத்தெட்டு வருடம் ஆள் வைத்து வேலை வாங்கியவனின் அசல் கோபம். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது. எந்தப் பெயிண்டரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். எண்ணெய் கவிழ்ந்த பிறகு அந்த இடத்துக்கு வந்ததும் அவர் கையை எடுத்தது ஏன் என்று இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

"அஞ்சு" என்றாள் பெண். அவள் குரல் எங்கேயோ இருந்தது. "அஞ்சு வார்த்தை. ஒண்ணாச் சேந்து."

பெயிண்டரின் இடது கை எண்ணெய்க் கறையைச் சுட்டியது; விரல் ஆடியது. "எடு" என்றார்.

கறைக்காரர் பையைத் திறந்தார். வேலை தெரிந்த கை, அதுபாட்டுக்கு நடந்தது. பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டார், தட்டினார், பாத்திரம் விளக்குகிற சோப்பை இரண்டு சொட்டு விட்டுக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார், வெந்நீர் கேட்டு வாங்கி அலசினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடியும் ஒருமுறை செய்தார். பெயிண்டர் கழுத்தை நீட்டி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை திருப்தியில்லாமல் உறுமினார். கறைக்காரர் "சரிங்கண்ணே" என்று மூன்றாவது முறையும் சோப்பு வைத்தார். இத்தனை வருடத்தில் தன் வேலையில் ஒருவர் குறை சொல்லி அவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பெண் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தைக் காயவைத்தாள். கறைக்காரர் சட்டையைப் பெயிண்டரின் மடியில் வைத்தார். நகம் பைக்குக் கீழே போனது. அங்கேயும் இங்கேயும் தடவியது. பிசுக்கு இல்லை. பெயிண்டர் நிமிர்ந்து, தரையில் கிடந்த பிரஷ்ஷைப் பார்த்தார், கறைக்காரரைப் பார்த்தார்.

"இப்ப அடி" என்றார்.

கறைக்காரர் பிரஷ்ஷை எடுத்து முக்கினார். "ம்ஹூம்" என்று ஒரு அதட்டல். இடது கை நீண்டு வந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டது. டப்பாவின் விளிம்பில் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை வழித்தது. பழகாத கைதான், தடுமாறியது. ஆனால் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. இளம் நீலத் துணியின்மேல் ஒரு கரு நீலப் பொட்டு விழுந்தது, போட்டோவில் இருந்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. பெயிண்டர் அதை உற்றுப் பார்த்தார். 'ஸ்கூல்' என்று சொல்லுவார் என்று மூன்று பேரின் மூச்சும், பெயிண்டருடையது உட்பட, கொஞ்ச நேரம் காத்திருந்தது. வரவில்லை.

வாசல்வரை வந்த பெண், கறைக்காரர் செருப்பு மாட்டிக்கொள்ளும்வரை நின்றாள்.

"நான் இன்னும் உங்கள மன்னிக்கல" என்றாள்.

"சரிம்மா."

"நாப்பத்தொண்ணும் போனது போனதுதான்."

"ஆமாம்மா."

அவள் அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்து காய்ந்துகொண்டிருந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தாள். அங்கே பெயிண்டர் தன் நகத்தைப் புதுப் பொட்டுக்கு மேலே தொடாமல் நிறுத்திவைத்துக்கொண்டு, அது காய்வதற்காகக் காத்திருந்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள்.